வாசல் கேமராவும் போலீஸும்: மடியில் கனமில்லாதவனுக்குப் பயம் எதற்கு?

கேள்வி, 18 அக்டோபர் 2025

வாசலில் பெல் கேமரா மாட்டலாம் என்று இருக்கிறேன். அந்தக் கேமராக்களை விற்கும் ரிங் கம்பெனி ஃப்ளாக்கோடு சேர்ந்துவிட்டது, இனிமேல் போலீஸ் நினைத்த நேரத்தில் நம் வாசலை நேரலையில் பார்க்கும் என்று ஒரே பேச்சாக இருக்கிறது. பார்த்தால்தான் என்ன? மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. திருடன்தானே பயப்பட வேண்டும்? வாங்கலாமா வேண்டாமா, ஒரே வரியில் சொல்லுங்கள்.

18 அக்டோபர், இரவு 10.15

ஒரே வரி என்றால்: நேரலையில் பார்க்க முடியாது. வாங்கலாமா என்பதற்கு ஒரு வரி போதாது.

ஃப்ளாக் சேஃப்டி என்பது வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவைக்கும் தெருக் கேமராக்களைப் போலீஸுக்கும் குடியிருப்புச் சங்கங்களுக்கும் கொடுக்கும் அமெரிக்கக் கம்பெனி. அதன் மென்பொருளை வைத்திருக்கும் போலீஸ், சம்பவம் நடந்த இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு, அந்தப் பக்கத்தில் ரிங் வைத்திருப்பவர்களிடம் 'வீடியோ இருந்தால் கொடுங்கள்' என்று கேட்க வழி செய்யப்போகிறார்கள். 16ஆம் தேதி அறிவித்தது அவ்வளவுதான். வேண்டுகோள் உங்கள் ஆப்பில் வரும். கொடுக்கலாம், கண்டுகொள்ளாமலும் விடலாம். யார் கண்டுகொள்ளவில்லை என்பது போலீஸுக்குத் தெரியாது என்று கம்பெனி சொல்கிறது.

19 அக்டோபர், காலை 6.50

நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு.

அமேசான் ரிங்கை வாங்கியது 2018இல். அதே வருடம் 'நெய்பர்ஸ்' என்ற ஆப்பும் வந்தது. அக்கம்பக்கத்தில் நடப்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பலகை மாதிரி. அதில் போலீஸுக்குத் தனி வாசல் திறந்துவிட்டார்கள். 2019 ஆகஸ்டில் 400 காவல்துறைகள் சேர்ந்திருந்தன, 2022 நடுவில் அது 2,000ஐத் தாண்டியது. சில ஊர்களின் போலீஸுக்கு இலவசக் கேமராக்களைக் கொடுத்து, மக்களை ஆப்பில் சேர்த்துவிடச் சொன்னதும் செய்தியானது. போலீஸே விற்பனைப் பிரதிநிதி!

முதலில் போலீஸின் வேண்டுகோள் தனித்தனி மின்னஞ்சலாகப் போனது. யாரிடம் எதற்குக் கேட்டார்கள் என்பது வெளியில் தெரியாது. 2020இல் லாஸ் ஏஞ்சலஸில் போராட்டங்கள் நடந்தபோது அந்த ஊர்ப் போலீஸ் ரிங் வாடிக்கையாளர்களிடம் போராட்டம் தொடர்பான வீடியோக்களைக் கேட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. 2021 ஜூனில் வேண்டுகோள்களை ஆப்பில் எல்லோரும் பார்க்கும்படி பொதுப் பதிவாக மாற்றினார்கள். 2024 ஜனவரியில் அதையும் நிறுத்தினார்கள். நாங்கள் எல்லாம் கைதட்டினோம்.

2025 ஏப்ரலில் ரிங்கைத் தொடங்கிய ஜேமி சிமினாஃப் கம்பெனிக்குத் திரும்பி வந்தார். அதே காலத்தில் ஆக்சானோடு ஒப்பந்தம். ஆக்சான் என்றால் போலீஸ்காரர்கள் கையில் இருக்கும், மின்னதிர்ச்சி கொடுக்கும் டேசரையும் சட்டையில் மாட்டும் கேமராவையும் தயாரிக்கும் கம்பெனி. இப்போது ஃப்ளாக். கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்திருக்கிறார்கள்.

19 அக்டோபர், காலை 7.05

நேரலை இல்லை என்று அடித்துச் சொன்னேனே, அதில் ஒரு திருத்தம். ரிங் கம்பெனியின் ஏற்பாடுகளில் இல்லை என்பதுதான் சரி. 2020 இறுதியில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில், விருப்பப்பட்ட மக்களின் வாசல் கேமராக்களைப் போலீஸ் கட்டுப்பாட்டு மையத்தில் நேரலையாகக் காட்டும் 45 நாள் சோதனைக்கு நகரசபை அனுமதி கொடுத்தது. தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ரிங் சொன்னது. மென்பொருள் கொடுத்தது ஃபியூசஸ் என்ற கம்பெனி. அந்த ஃபியூசஸை 2024இல் வாங்கியது யார் தெரியுமா? மேலே சொன்ன ஆக்சான்தான். சுற்றிச் சுற்றி ஒரே நாலைந்து பேர்.

19 அக்டோபர், இரவு 9.30

கேட்டவர் திரும்பவும் 'மடியில் கனமில்லை' என்கிறார். நானும் அதே பழமொழியைச் சொன்னவன்தான். சொல்லி மாட்டிக்கொண்டேன்.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு வண்டி திருடு போனது. மறுநாள் காலை ஒரு போலீஸ்காரர் கதவைத் தட்டினார். மரியாதையாகத்தான் பேசினார். "சார், உங்க கேமரா ரோட்டைப் பார்க்குதே, ராத்திரி ஒரு மணியிலிருந்து ரெண்டு மணி வரைக்கும் கொஞ்சம் கொடுங்க" என்றார். வாரண்ட் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவே இல்லை. கேட்டால் நான் என்னவோ மறைக்கிறேன் என்று நினைப்பாரே என்ற கூச்சம் வேறு. ஒரு மணி நேரத்தை வெட்டி எடுப்பது என் பதிவுப் பெட்டியில் பெரிய தலைவலி. அதனால் இரண்டு நாள் பதிவை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். "ரொம்ப நன்றி சார், எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே சுலபம்" என்றார். எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம் வீட்டில் இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து எதிர்வீட்டு அக்கா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "தம்பி, என் பையன் ராத்திரி எத்தனை மணிக்கு வர்றான்னு உங்க கேமராவுல தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "யாரெல்லாம் எங்க வீட்டுக்கு வர்றாங்கன்னும் தெரியுமா?" தெரியும் என்றேன். "அதையெல்லாம் கொடுக்கிறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையா?"

பையனைப் போலீஸ் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். என் பதிவில் இரவு ஒன்று பன்னிரண்டுக்கு அவன் தெருவில் நடந்து வருகிறான். தப்பு ஒன்றும் செய்யவில்லை, பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த நாலு நாள் அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று ராத்திரி என் பதிவை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு நாளில் நான் தெரிவது நாலு தடவை, மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது. மீதி எல்லாம் எதிர்வீடு, பக்கத்து வீட்டு வாசல், நடைப்பயிற்சி போகிறவர்கள், போனில் பேசிக்கொண்டே சுற்றுகிற ஒரு பெண். என் மடியில் கனமில்லைதான். என் கேமராவின் மடியில் இருந்ததெல்லாம் அடுத்தவர் கனம். அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு 'என் சம்மதம்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

19 அக்டோபர், இரவு 9.40

அந்தக் கதையில் இன்னொரு பகுதி இருக்கிறது. இப்போது வேண்டாம்.

21 அக்டோபர், மதியம்

'சம்மதம் இல்லாமல் கம்பெனி கொடுக்குமா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொடுக்கும்.

வீடியோ கம்பெனியின் கிளவுடில், அதாவது இணையம் வழியாகப் போய்ச் சேரும் அவர்களுடைய கணினிகளில் இருந்தால், போலீஸ் உங்கள் கதவைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை. வாரண்டை நேராகக் கம்பெனிக்கு அனுப்பலாம். 2023இல் அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து ஒரு செய்தி வந்தது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய விசாரணை. ஒருவரிடம் வாசல் வீடியோ கேட்டார்கள், கொடுத்தார். இன்னும் கேட்டார்கள். கடைசியில் நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் ரிங்குக்குப் போனது. அவருடைய 20க்கும் மேற்பட்ட கேமராக்களின் பதிவு, வீட்டுக்குள் இருந்தவை உட்பட. விசாரணை பக்கத்து வீட்டுக்காரர் மேல், பதிவு இவர் வீட்டுக்குள்ளிருந்து! ரிங்கிடமிருந்து தகவல் வந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

வாரண்டும் இல்லாத வழி ஒன்று இருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து என்று போலீஸ் சொல்லி, கம்பெனியும் நல்லெண்ணத்தோடு அதை நம்பினால், தகவலைக் கொடுக்கலாம் என்று 1986இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்றில் பிறகு சேர்த்த பிரிவு சொல்கிறது. 'கொடுக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'கொடுக்க வேண்டும்' என்று இல்லை. முடிவு கம்பெனியின் கையில். 2022 ஜூலையில் செனட்டர் எட் மார்க்கி கேட்ட கேள்விகளுக்கு அமேசான் பதில் எழுதியது: அந்த வருடத்தில் அதுவரை 11 தடவை இப்படிக் கொடுத்திருக்கிறோம். 11 சின்ன எண்தான். அந்த 11இல் ஒரு குழந்தையைக் காப்பாற்றியதும் இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 11 பேரிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

நீங்களே ஒருவரிடம் கொடுத்துவைத்த தகவலுக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு குறைவு என்பது அமெரிக்க நீதிமன்றங்களில் 1970களிலிருந்து வருகிற வாதம். வங்கிக் கணக்கு, டயல் செய்த எண்கள் இவற்றை வைத்துச் சொன்னது. 2018இல் செல்போன் இருப்பிட வழக்கில் உச்சநீதிமன்றம் கொஞ்சம் பின்வாங்கியது. வாசல் கேமரா வங்கிக் கணக்கு மாதிரியா, செல்போன் மாதிரியா? வக்கீல்களுக்கு நிறைய வருடம் வேலை இருக்கிறது.

21 அக்டோபர், இரவு 11

நடுராத்திரி 'மனிதர் தென்பட்டார்' என்று போன் அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தால் சிலந்தி. லென்ஸுக்கு முன்னால் எட்டுக் காலையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பார்க்க மனிதரைவிடப் பெரிதாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கேமராவின் இரவு வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குச் சிலந்தி வருகிறது, சிலந்திக்கு நான் எழுந்து வருகிறேன்.

23 அக்டோபர்

போலீஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கம்பெனிக்குள் இருப்பவர்களை மறந்துவிட்டோம்.

2023 மே 31 அன்று எஃப்டிசி என்கிற அமெரிக்க வர்த்தக ஆணையம் ரிங் மேல் புகார் வைத்தது. 2017இல் ஒரு ஊழியர் பல பெண் வாடிக்கையாளர்களின் படுக்கையறை, குளியலறை வீடியோக்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார். உடன் வேலை பார்த்த இன்னொருவர் கவனித்துச் சொன்ன பிறகுதான் நின்றது. வேலிக்கே பயிர் ருசித்த கதை. அந்தக் காலத்தில் எந்த ஊழியரும் எந்த வாடிக்கையாளரின் வீடியோவையும் பார்க்கும்படி வைத்திருந்தார்கள் என்பதுதான் புகாரின் சாரம். 58 லட்சம் டாலர் கட்டச் சொன்னார்கள். 2024இல் அந்தப் பணம் 1,17,000 பேருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. தலைக்கு ஐம்பது டாலர்கூட வராது.

அதே புகாரில் ஹேக்கர்கள் விஷயமும் இருந்தது. சுமார் 55,000 அமெரிக்க வாடிக்கையாளர்களின் கணக்குகள் மாட்டின. 2019 டிசம்பரில் ஒரு சிறுமியின் அறையில் இருந்த கேமரா வழியாக 'நான்தான் சாண்டா கிளாஸ்' என்று எவனோ பேசிய வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தச் சமயத்தில் கம்பெனி 'எங்கள் சர்வர் உடைக்கப்படவில்லை, மக்கள் பழைய பாஸ்வேர்டையே போட்டிருக்கிறார்கள்' என்றது. உண்மைதான். வேறு தளங்களிலிருந்து கசிந்த பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்ப்பது பழைய தந்திரம். பழைய தந்திரம் என்று தெரிந்தும் அதற்குத் தடை போடாமல் விட்டது யார் என்பதுதான் எஃப்டிசி கேட்ட கேள்வி. பாஸ்வேர்டுக்கு மேல் தனியாக வரும் ஒரு எண்ணையும் கேட்கும் இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தலை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது 2020 பிப்ரவரியில்தான்.

24 அக்டோபர்

'ரிங்கை மட்டும் ஏன் போட்டு அடிக்கிறீர்கள்' என்று ஒரு முறையீடு. நியாயம். மற்றவர்களும் சளைத்தவர்கள் இல்லை.

யூஃபி என்ற கேமராக் கம்பெனி, 'எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கும், கிளவுடே கிடையாது' என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது. 2022 நவம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், அறிவிப்புக்கான சிறு படங்கள் கிளவுடுக்குப் போவதைக் காட்டினார். கேமராவின் இணைய முகவரி தெரிந்தால் சாதாரண வீடியோ பிளேயரிலேயே நேரலையைப் பார்க்க முடிந்தது என்பதும் வெளியானது. முதலில் மறுத்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

வைஸ் என்ற இன்னொரு கேமராக் கம்பெனியின் கதை இன்னும் விசித்திரம். 2024 பிப்ரவரியில் சர்வர் விழுந்து எழுந்தபோது சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுப் படம் போனது. அதில் 1,504 பேர் அதைத் தொட்டுப் பெரிதாக்கியும் பார்த்தார்கள். ஹேக்கர் இல்லை, போலீஸ் இல்லை, கெட்ட எண்ணமே யாருக்கும் இல்லை. எந்தப் படம் யாருடையது என்று சர்வர் குழம்பியது, அவ்வளவுதான்.

நல்ல விதமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஆப்பிளின் ஹோம்கிட் வீடியோ. ஆள் யார், நாய் எது என்று பிரித்தறியும் வேலையெல்லாம் வீட்டில் இருக்கும் பெட்டியிலேயே நடந்து, பூட்டிய பிறகுதான் கிளவுடுக்குப் போகிறது. சாவி கம்பெனியிடம் இல்லாததால் வாரண்ட் வந்தாலும் கொடுப்பதற்கு அவர்களிடம் படம் இல்லை.

24 அக்டோபர், சற்று பிறகு

ரிங்கிலும் அந்த மாதிரிப் பூட்டு உண்டு, 2021இலிருந்து. சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். ஆனால் நீங்களாகப் போய் அமைப்புகளில் தேடிப் போட வேண்டும். போட்டால் ஆள் வந்தாரா பூனை வந்ததா என்று பிரித்துச் சொல்வது போன்ற பல வசதிகள் போய்விடும். கடவுச்சொற்றொடரை மறந்து போனையும் தொலைத்துவிட்டால் பழைய வீடியோக்களும் போயே போச்சு. வசதிக்கு ஆசைப்பட்டு முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கமே போக மாட்டார்கள் என்பது என் ஊகம்.

27 அக்டோபர்

கிளவுடே வேண்டாம், கார்டு போட்டுக்கொள்கிறேன் என்பவருக்கு.

நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், அதனால் அதன் கஷ்டமும் தெரியும். கேமராவுக்குள்ளேயே மெமரி கார்டு என்றால் திருடன் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போகும்போது சாட்சியும் அவனோடு போகும். அதற்குப் பதில் வீட்டுக்குள் ஒரு பதிவுப் பெட்டி வைத்து, கம்பி இழுத்து, பெட்டியைப் பார்வையில் படாத இடத்தில் வைப்பது மேல். ஓயாமல் எழுதி அழிக்கிற வேலைக்கென்று தனி கார்டும் தனி ஹார்ட் டிஸ்கும் விற்கிறார்கள், அதையே வாங்குங்கள். சாதாரணக் கார்டு சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும். நமக்குத் தேவைப்படும் நாளில்தான் அது செத்தது தெரியும்.

வெளியூரிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்து வைக்காதீர்கள். 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்து, இணையத்தின் பெரிய தளங்களை அமெரிக்காவில் அரை நாள் முடக்கியது. அது பூட்டை உடைக்கவில்லை, கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கதவுகளில் நுழைந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், கேமராவுக்கு இணையத்தையே மொத்தமாக வெட்டிவிட்டேன். ரவுட்டரில் ஒரு விதி, முடிந்தது. கேமரா வீட்டுக்கு வெளியே ஒரு பொட்டுத் தகவல் அனுப்ப முடியாது. ரொம்பப் பெருமையாக இருந்தது.

27 அக்டோபர், இரவு

அந்தப் பெருமையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

19ஆம் தேதி சொல்லாமல் விட்ட பகுதி இது. எதிர்வீட்டுப் பையனை ஏன் அப்படிக் குடைந்தார்கள்? வண்டி திருடு போனது ஒன்றரை மணிக்கு முன்பின். 'நீ எத்தனை மணிக்கு வந்தாய்' என்று கேட்டதற்கு அவன் 'ஒன்றே முக்காலுக்கு மேல்' என்று சொல்லியிருக்கிறான். என் கேமரா ஒன்று பன்னிரண்டு என்கிறது. பொய் சொல்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். யார்தான் நினைக்க மாட்டார்கள்? பையன் பேச்சு ஒரு பக்கம், திரையில் எண் ஒரு பக்கம்.

பையன் சொன்னதுதான் சரி. தப்பு என் கேமராவின் கடிகாரத்தில்.

கேமராக்கள் இணையத்தில் இருக்கும் நேர சர்வரைக் கேட்டுத்தான் கடிகாரத்தைச் சரி செய்துகொள்கின்றன. நான்தான் இணையத்தை வெட்டிவிட்டேனே. அதற்குச் சில வாரம் முன்பு கரண்ட் போய் வந்திருக்கிறது. இந்த மாதிரி மலிவுக் கேமராவில் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்துவிட்டது. கரண்ட் இல்லாத நேரம் அதன் கணக்கில் நடக்கவே இல்லை. 38 நிமிடம் பின்தங்கி ஓடியிருக்கிறது. நான் ஒரு நாளும் கவனிக்கவில்லை. அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் செய்த வேலை, பக்கத்து வீட்டுப் பையனைப் பொய்யனாக்கியது.

அவன் வேலை பார்க்கும் இடத்தில் வெளியேறும் நேரம் பதிவேட்டில் இருந்தது. அதைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். பதிவேடு இல்லாத வேலையாக இருந்தால்?

அக்கா என்னைக் கேட்டபோது எனக்கு இது தெரியாது. மறுநாள் தெரிந்தது. போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சொன்னேன், "பரவாயில்லை சார், அது முடிஞ்சு போச்சு" என்றார்கள். அக்காவிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. மறைக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் மறைத்த மூன்று வாரம்.

28 அக்டோபர்

சரி, உருப்படியான விஷயம். இணையத்தை வெட்டினாலும் கடிகாரத்துக்கு வழி உண்டு. சில ரவுட்டர்களே நேர சர்வராக இருக்க முடியும். கேமராவின் நேர அமைப்பில் ரவுட்டரின் முகவரியைக் கொடுத்தால் போதும். கரண்ட் போய் வந்த பிறகு கைக்கடிகாரத்தைக் கேமராவுக்கு முன்னால் ஒரு தடவை காட்டுங்கள். யாருக்காவது வீடியோ கொடுக்க நேர்ந்தால் உண்மையான நேரத்துக்கும் திரையில் இருக்கும் நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கேட்ட நேரத்தை மட்டும் வெட்டிக் கொடுங்கள். வெட்டத் தெரியாவிட்டால் கற்றுக்கொண்டு கொடுங்கள், என்னை மாதிரி சோம்பேறித்தனப்படாதீர்கள்.

வாரண்ட் இல்லாமல் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்ணெதிரே ஒருவரை வண்டி இடித்துவிட்டுப் போனால் நானே ஓடிப்போய்க் கொடுப்பேன். எதைக் கொடுத்தேன், யாரிடம் கொடுத்தேன், எந்த வழக்குக்கு என்று எழுதி வைத்துக்கொள்வேன்.

3 நவம்பர்

ஒலிப்பதிவு பற்றி ஏன் யாருமே கேட்கவில்லை?

2021இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. பக்கத்து வீட்டுக்காரரின் கேமராக்கள் தன்னைப் படம் பிடிக்கின்றன, பேச்சைப் பதிவு செய்கின்றன என்று ஒருவர் போனார். அவர் பக்கம் தீர்ப்பானது. அதில் எனக்குப் பட்ட விஷயம்: படத்தைவிட ஒலியைத்தான் நீதிபதி பெரிய சிக்கலாகப் பார்த்தார். படம் வாசலோடு நிற்கலாம், ஒலி அதைத் தாண்டித் தூரத்திலிருந்தும் வந்துவிடும். கேமராவுக்குக் கீழே போகிறவர்களுக்குத் தங்கள் பேச்சு பதிவாகிறது என்று தெரியவே தெரியாது.

படித்த அன்றே என் கேமராவில் மைக்கை அணைத்தேன். இரண்டு வருடமாகத் திறந்தே இருந்திருக்கிறது. அந்தப் பெண் போனில் பேசிக்கொண்டு போவாரே, அவர் பேசியதெல்லாம் அந்தப் பென் டிரைவில் போயிருக்கும்.

12 டிசம்பர்

முகம் வந்துவிட்டது. 'பழகிய முகங்கள்' என்ற பொருளில் ரிங் ஒரு வசதி கொண்டுவந்திருக்கிறது. 50 பேர் வரை முகத்துக்குப் பெயர் கொடுத்து வைக்கலாம், 'அம்மா வந்திருக்கிறார்' என்று சொல்லும். தானாக ஓடாது, நீங்கள்தான் போட வேண்டும். இல்லினாய், டெக்சஸ் மாநிலங்களிலும் ஓரிகனின் போர்ட்லாண்டிலும் கிடையாது. அங்கெல்லாம் முக அடையாளத்துக்குக் கடுமையான சட்டங்கள் இருக்கின்றன. கேமராவின் சொந்தக்காரர் சம்மதித்தால் போதும் என்று வைத்திருக்கிறார்கள். வந்து நிற்பவரின் முகத்துக்கு யார் சம்மதித்தது? கொரியர் கொண்டுவரும் ஆளை யாராவது கேட்டார்களா?

பழைய பேச்சுதான், எனக்கே சலிக்கிறது. ஆனால் எப்படிச் சுற்றினாலும் இங்கேயே வந்து நிற்கிறது.

10 பிப்ரவரி 2026

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தில் வந்த ரிங் விளம்பரத்தைப் பார்த்தீர்களா? காணாமல் போன நாயின் படத்தைப் போட்டால், சுற்றுவட்டாரத்து வெளிக் கேமராக்கள் எல்லாம் சேர்ந்து தேடும். தெருத் தெருவாக வட்டம் வட்டமாக வெளிச்சம் பரவுகிறது, நாய்க்குட்டி கிடைக்கிறது, குழந்தை சிரிக்கிறது. கண்ணீர் வர வேண்டிய இடம். பார்த்த பலருக்கும் வந்தது பயம். நாயைத் தேடத் தெரிந்த கண்ணுக்கு ஆளைத் தேடத் தெரியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது ஆளைத் தேடும் வசதி இல்லை என்று கம்பெனி சொல்கிறது. ஆனால் இந்தத் தேடல் கேமராக்களில் தானாகவே போடப்பட்டு வருகிறது, வேண்டாதவர்தான் போய் அணைக்க வேண்டும். நாய் வளர்க்காதவர்களும் அமைப்புகளைப் பாருங்கள்.

13 பிப்ரவரி

ஃப்ளாக் ஒப்பந்தம் போச்சு! நேற்று அறிவித்துவிட்டார்கள். நினைத்ததைவிட அதிக நேரமும் உழைப்பும் தேவைப்படுமாம். இணைப்பு தொடங்கவே இல்லை, ஒரு வீடியோவும் ஃப்ளாக்குக்குப் போகவில்லை என்கிறார்கள்.

அக்டோபரில் கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் பயந்த அந்த இணைப்பு நடக்கவே இல்லை. ஆனால் வேண்டுகோள் அனுப்பும் வழி ஆக்சான் மூலமாக அப்படியே இருக்கிறது. 2024இல் கைதட்டி ஏமாந்த அனுபவத்தில் இந்தத் தடவை நான் கையை மடியிலேயே வைத்திருக்கிறேன்.

15 பிப்ரவரி

'கடைசியில் உங்கள் கேமரா என்ன ஆனது' என்று கேட்டவருக்கு.

எதிர்வீட்டு அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டு, கேமரா என்ன பார்க்கிறது என்று திரையில் காட்டினேன். சில பகுதிகளைக் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. அவர் விரலை வைத்துக் காட்டக் காட்ட நான் கட்டம் போட்டேன். அவர் வாசல் மறைந்தது, ஜன்னல் மறைந்தது. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தம்பி, அங்கதான் பையன் செருப்பு விடுவான்" என்றார். அதையும் மறைத்தேன்.

இப்போது பாதித் திரை கறுப்பு. என் வண்டி நிற்கும் இடமும் அந்தக் கறுப்புக்குள் போய்விட்டது. வண்டியை இந்தப் பக்கம் மாற்றி நிறுத்திப் பார்த்தேன், கேட் திறக்கவில்லை. பழைய இடத்திலேயே விட்டுவிட்டேன்.